டெங்கு வார்டில் செவிலியர் பார்க்க வேண்டியது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் எங்கள் மருத்துவமனையில் காய்ச்சல் வார்டுக்குக் கூடுதலாகக் கட்டில் போட வேண்டிவரும். புதிதாகச் சேர்ந்த செவிலியர்கள் முதல் இரவுப் பணிக்கு வந்து நிற்பதும் பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். அவர்கள் கேட்கும் கேள்விகள் பத்தொன்பது வருடங்களாகப் பெரிதாக மாறவில்லை. நோயாளியின் உறவினர்கள் கேட்பவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். இதில் வரும் அளவுகளில் பெரும்பாலானவை உலக சுகாதார நிறுவனத்தின் டெங்கு வழிகாட்டுதல்களை ஒட்டியவை. சிகிச்சையை முடிவு செய்வது மருத்துவர். அவரை எப்போது எழுப்ப வேண்டும் என்று முடிவு செய்வது நாம்.

நோயாளி வந்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி எது?

காய்ச்சல் எந்த நாளில், எந்த வேளையில் தொடங்கியது என்பதுதான். "மூன்று நாளாக" என்று சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். ஒருவருக்கு மூன்று நாள் என்பது இன்னொருவருக்கு ஐந்து நாள். "ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிட்டீர்களா? திங்கட்கிழமை வேலைக்குப் போனீர்களா? அன்று இரவு குளிர் இருந்ததா?" என்று கிழமை கிழமையாகப் பின்னோக்கிப் போனால் சரியான நாள் அகப்படும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம், டெங்குவில் ஒவ்வொரு பரிசோதனை முடிவும் நாளைப் பொறுத்தே பொருள்படும். முதல் இரண்டிலிருந்து ஏழு நாள் காய்ச்சல் கட்டம். பிறகு, பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும் நெருக்கடிக் கட்டம். அதைத் தாண்டினால் மீளும் கட்டம். இரண்டாம் நாளில் வரும் 90,000 பிளேட்லெட்டும் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) எட்டாம் நாளில் வரும் 90,000 பிளேட்லெட்டும் ஒன்றல்ல: முன்னது இறங்கிக்கொண்டிருக்கிறது, பின்னது ஏறிக்கொண்டிருக்கிறது. கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் "நோயின் 4-ஆம் நாள்" என்று பெரிதாக எழுதி, தினமும் திருத்துங்கள்.

காய்ச்சல் விட்டுவிட்டது. தேறிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். மற்றக் காய்ச்சல்களில் உடம்பு குளிர்ந்தால் நிம்மதி. டெங்குவில் உடம்பு குளிர்ந்த அன்றுதான் கவனத்தைக் கூட்ட வேண்டும். ரத்தக் குழாய்களின் உட்சுவர் இளகி, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் கசியத் தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அதே சமயத்தில்தான். வெளியே சொட்டு ரத்தம் தெரியாது. ஆனால் குழாய்க்குள் ஓடும் அளவு குறைந்துகொண்டே போகும்.

காய்ச்சல் இறங்கியவருக்கு நல்ல அறிகுறி எது, கெட்ட அறிகுறி எது என்பதை அவர் முகமே சொல்லும். பசிக்கிறது என்கிறாரா, எழுந்து உட்கார்ந்து பேசுகிறாரா? நல்லது. காய்ச்சல் இல்லாமலேயே முன்பைவிடச் சோர்ந்து கிடக்கிறாரா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா, படுக்கையில் புரண்டுகொண்டே இருக்கிறாரா? பிபி மெஷினை எடுத்துக்கொண்டு போங்கள்.

பிளேட்லெட் எவ்வளவு இறங்கினால் பயப்பட வேண்டும்?

ஊரே கேட்கும் கேள்வி. காலையில் வார்டுக்குள் நுழைந்தால், கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போலப் படுக்கைக்குப் படுக்கை "எவ்வளவு?" என்ற ஒரே பேச்சு. டெங்குவில் இறப்பவர்களில் பலரைக் கொல்வது பிளேட்லெட் குறைவு அல்ல, பிளாஸ்மா கசிவால் வரும் அதிர்ச்சி (ஷாக்), அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் நிலை. எல்லோருடைய கண்ணும் பிளேட்லெட்டின் மேல் இருக்கும் நேரத்தில் கசிவு பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். அந்தக் கசிவைக் கண்டுபிடிப்பது நம் கையிலும் காதிலும் அளவுக் குவளையிலும்தான் இருக்கிறது.

பிளேட்லெட்டால் பயனில்லை என்று சொல்லவில்லை. இயல்பான அளவு ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம். அது வேகமாகச் சரியும்போது, அதே வேளையில் பிசிவி (ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் எண், கீழே விளக்கியிருக்கிறேன்) ஏறினால், நெருக்கடிக் கட்டம் வாசலுக்கு வந்துவிட்டது என்று பொருள். பிளேட்லெட்டுக்கும் முன்னால் வெள்ளை அணுக்கள் குறையத் தொடங்கும். டெங்குவின் ரத்தப் பரிசோதனையில் முதலில் கண்ணில் படும் மாற்றம் அதுதான். ஆகவே பிளேட்லெட் இயல்பாக இருந்தாலும் வெள்ளையணு 3,000 என்று வந்திருந்தால் அந்தச் சீட்டைச் சாதாரணமாக மடித்து வைக்காதீர்கள்.

இன்னொன்று. நேற்று 1,40,000, இன்று காலை 18,000, நோயாளியோ சிரித்துக்கொண்டு இட்லி சாப்பிடுகிறார் என்றால் முதலில் ரத்தம் எடுத்த சோதனைக் குழாயைச் சந்தேகப்படுங்கள். ரத்தம் எடுத்தபின் குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்காவிட்டால் சிறு உறைவு ஏற்பட்டு எண்ணிக்கை பொய்யாகக் குறையும். சிலருடைய ரத்தத்தில் அந்தக் குழாயில் உள்ள மருந்தாலேயே தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மருத்துவரிடம் சொல்லி மறுபடி எடுங்கள், ஸ்லைடில் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் யாரும் ரத்த வங்கிக்கு ஓட வேண்டியதில்லை.

அப்படியானால் பிளேட்லெட் ஏற்ற வேண்டாமா? உறவினர்கள் கொடையாளிகளோடு வந்து நிற்கிறார்களே?

ரத்தக்கசிவு இருந்தால் அது வேறு கதை. ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏற்றுவதில் பயன் தெரியவில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000-க்குக் கீழே பிளேட்லெட் இறங்கிய பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. முன்கூட்டியே ஏற்றியவர்களுக்கு ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. உறவினர்களிடம் "எண்ணிக்கை தானாக ஏறும். நாங்கள் பிபியையும் சிறுநீரையும் மணிக்கு மணி பார்க்கிறோம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி அவர்கள் கண் முன்னால் பாருங்கள். வாயால் சொல்வதைவிட அது அவர்களை அதிகம் அமைதிப்படுத்தும்.

பிசிவி சீட்டில் "இயல்பு" என்று வந்திருக்கிறது. கவலையில்லைதானே?

யாருக்கு இயல்பு என்பதுதான் கேள்வி. பிசிவி, அதாவது ஹெமடோக்ரிட், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பதைச் சொல்கிறது. நீர்ப்பகுதி கசிந்து வெளியேறினால் மிஞ்சிய ரத்தம் கெட்டியாகும், இந்த எண் ஏறும். ரசம் கொதித்துச் சுண்டினால் உப்புக் கரிக்கிறதே, உப்பு கூடியதாலா? தண்ணீர் போனதால்.

ஒரு பெண்ணுக்கு இரண்டாம் நாளில் பிசிவி 36. ஐந்தாம் நாள் காலை 43. பரிசோதனைக்கூடத்தின் அச்சில் இரண்டும் இயல்பு எல்லைக்குள்தான் இருக்கும், நட்சத்திரக் குறி எதுவும் விழாது. ஆனால் 36-க்கு 20 சதவீதம் என்பது 7.2. அவர் 43.2-ஐ எட்டும்போது குறிப்பிடத்தக்க அளவு பிளாஸ்மா கசிந்துவிட்டது என்று பொருள். 43-இல் நிற்பவர் அந்த விளிம்பில்தான் நிற்கிறார். கணினி இதைச் சொல்லாது. முதல் இரண்டு மூன்று நாளில் எடுத்த எண்ணைத் தேடிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்தான் சொல்ல முடியும். அடிப்படை எண் இல்லாமல் வந்தவரிடம் பழைய சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கர்ப்ப காலத்தில் எடுத்தது, உடல் பரிசோதனை முகாமில் எடுத்தது, எதுவானாலும் சரி. ஹீமோகுளோபின் மட்டும் இருந்தால் அதை மூன்றால் பெருக்கினால் தோராயமான பிசிவி கிடைக்கும். ரத்தசோகை உள்ள பெண்ணின் அடிப்படை 28 ஆக இருக்கலாம். அவருக்கு 34 என்பது ஆபத்தின் அறிகுறி. சீட்டைப் பார்ப்பவர்களோ "ரத்தம் ஊறியிருக்கிறது" என்று மகிழ்வார்கள்.

பிசிவி இறங்கினால் நல்லதா?

இரண்டு விதமாகவும் இருக்கலாம். 46 இருந்தது 38 ஆகியிருக்கிறது. நாடி 70, கை சூடாக இருக்கிறது, சிறுநீர் தாராளமாகப் போகிறது, சாம்பார் சாதம் கேட்கிறார். கசிந்த நீர் குழாய்க்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது, மீள்கிறார். அதே 46 இருந்தது 38 ஆகியிருக்கிறது. நாடி 130, உள்ளங்கை ஈரமாகக் குளிர்ந்திருக்கிறது, வயிறு உப்பியிருக்கிறது. உள்ளே எங்கோ ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. மருத்துவர் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

ஒரே எண் ஒருவருக்கு வீட்டுக்குப் போகும் வழியையும் இன்னொருவருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவையும் காட்டுகிறது. பிசிவி முடிவைத் தொலைபேசியில் படிக்கும்போது நாடியையும் சேர்த்தே படியுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

மறைந்த ரத்தக்கசிவைத் தேடும்போது சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். மலம் தார் போலக் கறுத்திருக்கிறதா? இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதையும் கேளுங்கள். பெண்களிடம் மாதவிலக்கு வந்திருக்கிறதா, எத்தனை நாப்கின் மாற்றினார்கள் என்று கேளுங்கள். நாள் அல்லாத நாளில் வந்திருந்தாலும் பலர் தாமாகச் சொல்வதில்லை, ஆண் மருத்துவர் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார்கள். உறவினர்கள் ரத்தம் ஊறும் என்று பீட்ரூட் சாறும் மாதுளைச் சாறும் கொண்டுவருவார்கள். அன்போடு தடுத்துவிடுங்கள். அது வாந்தியில் வந்தால் ரத்தமா சாறா என்று நாம் விழிக்க வேண்டியிருக்கும்.

பிபி 100/80. மேல் எண் நன்றாகத்தானே இருக்கிறது?

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கல்லூரி மாணவர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், இரவுப் பணி. காய்ச்சல் விட்டிருந்தது, தெளிவாகப் பேசினார், பரீட்சை எப்போது என்றுகூடச் சொன்னார். 100/80 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். என் மூத்த செவிலியர் ஷீட்டைப் பார்த்துவிட்டு நேராக அவர் காலைத் தொட்டுப் பார்த்தார். முழங்கால் வரை ஐஸ் கட்டி. அரை மணி நேரத்தில் டிரிப்பின் வேகமும் மருத்துவரின் நடையும் மாறிவிட்டன. மாணவர் பிழைத்தார். அன்றிலிருந்து நான் இரண்டு எண்ணையும் கழித்துப் பார்க்காமல் எழுதியதில்லை.

மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்தால் வருவது பல்ஸ் பிரஷர். அது 20 அல்லது அதற்கும் கீழே வந்தால் அதிர்ச்சி தொடங்கிவிட்டது. ரத்தத்தின் அளவு குறையும்போது உடம்பு குழாய்களை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்கும். அதனால் கீழ் எண் ஏறும். மேல் எண் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். 110/70, 106/76, 102/82 என்று இரண்டு எண்களும் ஒன்றையொன்று நோக்கி நடந்துவருவதைக் காண வேண்டும். மேல் எண் 90-க்குக் கீழே சரியும்வரை காத்திருந்தால், உடம்பின் கையிருப்பு தீர்ந்தபிறகுதான் நமக்குத் தெரியவரும். அதுவரை நோயாளி நினைவோடு பேசிக்கொண்டிருப்பார் என்பதுதான் டெங்கு அதிர்ச்சியின் வஞ்சகம்.

ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ளவருக்கு 160 பழகிய எண்ணாக இருந்தால் 120 என்பது பெரிய சரிவு. அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி வேகமெடுக்காது. 84 என்று சாதுவாக நிற்கும். வந்தவுடன் மாத்திரைப் பையை வாங்கிப் பாருங்கள்.

தானியங்கி பிபி மெஷினை நம்பலாமா?

நன்றாக இருப்பவருக்கு நம்பலாம். கைகால் குளிர்ந்தவருக்கு அது தடுமாறும்: ஒரு முறை 118, மறுமுறை பிழைக்குறி. அப்போது பழைய முறையில் கையால் காற்றடித்து, ஸ்டெதஸ்கோப் வைத்துப் பாருங்கள். கையில் சுற்றும் பட்டையான கஃபின் அளவும் முக்கியம். பெரிய கைக்குச் சிறிய கஃப் கட்டினால் எண் பொய்யாக ஏறும், மெலிந்த கைக்குப் பெரிய கஃப் கட்டினால் இறங்கும். குழந்தைகள் கட்டிலுக்கும் பெரியவர்கள் கட்டிலுக்கும் ஒரே கஃப் அலைவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

தொட்டுப் பார்ப்பது என்றால் எங்கே, எப்படி?

நெற்றியில் அல்ல. உள்ளங்கை, பாதம், முழங்கால். புறங்கையால் தொட்டுக் குளிர்ச்சி எதுவரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். கையை இதயத்தின் மட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதன அறையில் எல்லோருடைய விரலும் குளிர்ந்துதான் இருக்கும், சந்தேகம் வந்தால் மார்பெலும்பின் மேல் அழுத்திப் பாருங்கள். மணிக்கட்டில் நாடி பிடிக்கும்போது எண்ணிக்கையோடு அதன் பலத்தையும் உணருங்கள். நூல் போல ஓடுகிறதா, விரலைத் தட்டுகிறதா? இதற்கு எந்த மெஷினும் இல்லை.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சின் மேலும் தவறாகக் காட்டும். 88 என்று காட்டினால் பதறுவதற்கு முன் விரலைத் தேய்த்துச் சூடாக்கி வேறு விரலில் மாட்டுங்கள். மூச்சை மட்டும் முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எல்லா ஷீட்டிலும் 20 என்றே எழுதியிருந்தால் யாரும் எண்ணவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

சிறுநீரை அவ்வளவு துல்லியமாக அளக்க வேண்டுமா?

ஆம். சிறுநீரகம் பொய் சொல்லாது. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லி லிட்டர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. 50 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 25, ஆறு மணி நேரத்துக்கு 150 மி.லி. அளவுக் குவளையைக் கொடுத்து, கொட்டாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். "நிறையப் போனார்" என்பது அளவு அல்ல. கூட இருப்பவரின் கையில் ஒரு தாளைக் கொடுத்து, குடித்ததையும் கழித்ததையும் நேரத்தோடு குறிக்கச் சொல்லலாம். பாட்டிமார் இதை நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

ஒரு விதிவிலக்கு: சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை 300-க்கு மேல் இருந்தால் சர்க்கரையே நீரை இழுத்துக்கொண்டு வெளியேறும். சிறுநீர் தாராளமாகப் போகும், உள்ளே குழாய் வற்றிக்கொண்டிருக்கும். சர்க்கரை அளவைப் பார்க்காமல் அந்தச் சிறுநீர்க் கணக்கை நம்பாதீர்கள்.

என்எஸ்1 நெகட்டிவ் வந்துவிட்டது. டெங்கு இல்லை என்று சொல்லலாமா?

எந்த நாளில் எடுத்தது? என்எஸ்1 என்பது வைரஸின் புரதம். முதல் ஐந்து நாளுக்குள் தேட வேண்டும். வைரஸை எதிர்த்து உடம்பு உருவாக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் ஏறக்குறைய ஐந்தாம் நாளிலிருந்துதான் தெரியத் தொடங்கும். இரண்டாம் நாளில் ஐஜிஎம் பார்த்து "இல்லை" என்பதும், ஏழாம் நாளில் என்எஸ்1 பார்த்து "இல்லை" என்பதும் ரயில் வருவதற்கு முன்போ போனபிறகோ பிளாட்பாரத்தில் தேடுவது போலத்தான். முன்பே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு என்எஸ்1 சீக்கிரமே மறைந்துவிடலாம். அட்டையில் கோடு காட்டும் விரைவுப் பரிசோதனையை மட்டும் வைத்து உறுதி செய்யாமல் எலைசா என்ற ஆய்வகச் சோதனை முறையில் பார்க்க வேண்டும் என்பதே நம் தேசிய வழிகாட்டுதல். சோதனை எப்படி வந்தாலும் கசிவின் அறிகுறிகள் இருந்தால் கசிவு இருப்பதாகவே கவனியுங்கள்.

கையில் பட்டை கட்டிப் பார்க்கும் சோதனை இன்னும் தேவையா?

ரத்தப் பரிசோதனை உடனே கிடைக்காத ஆரம்ப சுகாதார நிலையத்தில் தேவைதான். பிபியின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் நடுவில் கஃபை ஐந்து நிமிடம் நிறுத்தி, ஒரு அங்குலச் சதுரத்தில் பத்துக்கு மேல் சிவப்புப் புள்ளிகள் வந்தால் டெங்குவைச் சந்தேகிக்கலாம். நம் நிறத்துத் தோலில் புள்ளிகளை டியூப் லைட்டில் காண்பது கடினம். ஜன்னலோரம் அழைத்துப் போய் முழங்கைக்கு உட்புறம் பாருங்கள். ஈறு, அண்ணம், கண்ணின் வெண்விழி ஆகிய இடங்கள் எந்த நிறத்தவருக்கும் தெளிவாகக் காட்டும்.

வயிற்றுவலி என்கிறார். வாயு என்று நினைத்து மாத்திரை கொடுக்கலாமா?

டெங்குவில் விடாத வயிற்றுவலி ஓர் எச்சரிக்கை அறிகுறி. விடாத வாந்தி, ஈறு, மூக்கு போன்ற இடங்களில் ரத்தம், சோர்வு அல்லது பரபரப்பு, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கல்லீரல் வீக்கம், உடலுக்குள் நீர் தேங்குதல், பிசிவி ஏறிப் பிளேட்லெட் சரிதல் ஆகியவையும் அப்படியே. வலது விலாவுக்குக் கீழே மெல்ல அழுத்தினாலே முகம் சுளிப்பார். ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்திருப்பதாக வந்தால் அதைப் பித்தப்பைக் கல் கோளாறு என்று உறவினருக்கு விளக்கிவிடாதீர்கள். கசிவால் சுவரே நீர்கோத்திருக்கும். நெஞ்சில் நீர் முதலில் சேர்வது பெரும்பாலும் வலப்பக்கம். வலது முதுகின் கீழ்ப்பகுதியில் மூச்சொலி குறைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு ஷிப்ட்டிலும் கேளுங்கள்.

"ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும்" என்று அடம்பிடிக்கிறாரே?

தசையில் ஊசி போட்டால் அந்த இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் மூன்றும் கூடவே கூடாது. வெளியே ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டு வந்தவர்கள் உண்டு. இடுப்பைத் திருப்பிப் பாருங்கள். பாராசிட்டமால் மட்டும், அதுவும் கணக்கோடு. உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 கிராம் என்று எல்லை வைக்கிறது, அதாவது 500 மி.கி. மாத்திரை ஆறு. தலையணைக்கு அடியில் தனியாக ஒரு அட்டை வைத்திருப்பார்கள், அதையும் எண்ணுங்கள்.

நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச் சாறு?

நான் சண்டை போடுவதில்லை. கொடுத்தீர்களா, எவ்வளவு, எப்போது என்று கேட்டு எழுதுகிறேன். பப்பாளி இலை பிளேட்லெட்டை ஏற்றுவதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. கசிவைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை; நாம் பயப்படுவதோ கசிவுக்கு. கசப்பில் வாந்தி எடுத்தால், அது நோயின் வாந்தியா சாற்றின் வாந்தியா என்று தெரியாமல் போகும். அவ்வளவு கசப்பான ஒன்றைக் குடிக்க முடிகிறவர் கஞ்சியும் இளநீரும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் குடிக்கலாமே என்று மட்டும் சொல்வேன்.

டெங்கு என்று சேர்த்தவருக்கு வேறு காய்ச்சலாக இருந்தால் நாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

உடம்பு துடைக்கும்போது. உண்ணிக்காய்ச்சலிலும் காய்ச்சல், தலைவலி, பிளேட்லெட் குறைவு எல்லாம் டெங்கு போலவே இருக்கும். ஆனால் பூச்சி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கக்கூடும். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் கீழ், இடுப்பு நாடா அழுத்தும் இடம் என்று ஒளிந்திருக்கும். மருத்துவர் சட்டையைத் தூக்கி வயிற்றை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருப்பார். திரையை இழுத்துவிட்டு ஈரத்துணியோடு நிற்பவர் நாம். உண்ணிக்காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற நல்ல மருந்து இருக்கிறது, தாமதமானால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடித்துக்கொள்ளும். பொருக்கைக் கண்டால் அந்த ஷிப்ட்டிலேயே சொல்லுங்கள்.

காய்ச்சல் ஏழு நாளைத் தாண்டிப் போனாலும் டெங்குவோடு நின்றுவிடாமல் யோசிக்க வேண்டும். வயலில், சாக்கடையில் நின்றாரா, கெண்டைக்கால் தசை வலிக்கிறதா, கண் மஞ்சளா என்று எலிக்காய்ச்சலுக்காகக் கேளுங்கள்.

டிரிப் நிறைய ஏறினால் நல்லதுதானே?

இல்லை. குழாய் ஓட்டையாக இருக்கும்போது ஊற்றுவதில் ஒரு பங்கு வெளியே கசிகிறது. இரண்டு நாளில் அத்தனையும் திரும்பி வரும். அப்போதும் டிரிப் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். 2017-இல் 1,86,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்ட பெரிய டெங்கு அலையைக் கண்ட இலங்கையில், தேசிய வழிகாட்டுதல் இதற்கென்றே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு நெருக்கடிக் கட்டத்தின் 48 மணி நேரத்துக்கும் சேர்த்து 4,600 மி.லி. வாய்வழிக் குடித்ததும் அதில் அடக்கம். எனக்குப் பிடித்த கணக்கு இது. "குடியுங்கள், குடியுங்கள்" என்று வற்புறுத்தும் உறவினரும், வேகத்தைக் குறைக்க மறந்த செவிலியரும் ஒரே கணக்குக்குள் வந்துவிடுகிறார்கள்.

இமை வீங்குகிறதா, படுத்தால் இருமுகிறாரா, மூச்சு 28-ஐத் தாண்டுகிறதா, டிரிப் பாட்டிலை மாற்றும் முன் பாருங்கள். பசி திரும்பி, பிசிவி இறங்கி, சிறுநீர் பெருகினால் மருத்துவரிடம் "டிரிப்பை நிறுத்தலாமா?" என்று நீங்களாகவே கேளுங்கள்.

இரவு மூன்று மணிக்கு மருத்துவரை எப்படி அழைப்பது? திட்டு வாங்கப் பயமாக இருக்கிறது.

"நோயாளிக்கு ஒரு மாதிரி இருக்கிறது, சார்" என்றால் திட்டுதான் கிடைக்கும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டாக்டர், 12-ஆம் கட்டில், 28 வயதுப் பெண், 52 கிலோ, டெங்கு ஐந்தாம் நாள். நேற்று மாலையிலிருந்து காய்ச்சல் இல்லை. இரண்டு மணி நேரத்தில் நாடி 96-இலிருந்து 118. பிபி 102/84, இடைவெளி 18. கைகால் குளிர்ச்சி, நகம் சிவக்க 4 விநாடி. ஐந்து மணி நேரத்தில் சிறுநீர் 70 மி.லி.தான். பிசிவி 37-இலிருந்து 45. வயிற்றுவலி, மூன்று முறை வாந்தி. அதிர்ச்சி தொடங்குகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் வந்து பார்க்க வேண்டும். அதுவரை டிரிப்பை எந்த வேகத்தில் விடட்டும்?"

நாற்பது விநாடி ஆகும். இதைக் கேட்டுவிட்டுத் தூங்கப் போகும் மருத்துவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அழைத்த நேரத்தையும் அவர் சொன்னதையும் ஷீட்டில் எழுதுங்கள்.

தேறி வருபவருக்கு நாடி 54 என்று வருகிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது. பயமா?

மீளும் கட்டத்தில் நாடி மந்தமாவது உண்டு. பிபி நன்றாக இருந்து, கை சூடாக இருந்து, தலைசுற்றல் இல்லையென்றால் மருத்துவரிடம் தெரிவித்துவிட்டுக் கவனியுங்கள். அரிப்பும் சிவந்த தோலில் ஆங்காங்கே வெள்ளைத் திட்டுகளும் தேறுவதன் அடையாளம். நகத்தை வெட்டிவிடுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது என்ன சொல்ல வேண்டும்?

பாராசிட்டமால் இல்லாமலேயே இரண்டு நாள் காய்ச்சல் இல்லை, பிளேட்லெட் ஏறுமுகம், டிரிப் இல்லாமல் பிசிவி நிலையாக இருக்கிறது, பசிக்கிறது. இத்தனையும் இருந்தால்தான் அனுப்புவார்கள். வலி மாத்திரை எதையும் கடையில் தானாக வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்து போனதால் மற்ற மூன்றும் வராது என்பதில்லை. இரண்டாம் முறை வருவது கடுமையாகவும் இருக்கலாம். ஆகையால் தேறியபின் எடுத்த கடைசி ரத்தச் சீட்டைக் குடும்ப அட்டையோடு பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை காய்ச்சலோடு எந்த வார்டுக்குப் போனாலும், அங்கே இருக்கும் செவிலியர் தேடப்போகும் அடிப்படை பிசிவி அந்தத் தாளில்தான் இருக்கிறது.